எட்டுப் பேர், மூன்று இரவு, ஓர் ஏரி: கொடைக்கானலா, ஏற்காடா, வேம்பநாடா?

எட்டுப் பேர் ஒரே வீட்டில் மூன்று இரவு தங்க வேண்டும், வாசலில் உட்கார்ந்தால் தண்ணீர் தெரிய வேண்டும், எல்லாம் மே மாதத்துக்குள் நடக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். இதற்கு எங்கள் வாட்ஸாப் குழுவில் மூன்று வாரமாக அடிதடி. 2008இல் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துப் பிரிந்தவர்கள் நாங்கள். இப்போது இரண்டு பேர் சென்னை, இரண்டு பேர் பெங்களூரு, ஒருத்தன் கோவையிலேயே, ஒருத்தன் மதுரை, ஒருத்தன் துபாய், நான் திருச்சி. ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள். இந்த முறை கணவன், மனைவி, குழந்தைகள் யாரும் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதல் நாளே எட்டுப் பேரும் ஒத்துப்போய்விட்டோம்.

கோடைக்கு ஏரிக்கரை வீடு என்பது நம் ஊர்ப் பழக்கமே இல்லையே, சினிமா பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறீர்கள் என்றான் மதுரைக்காரன். பாதி உண்மை. ஆனால் இந்தப் பைத்தியம் நமக்கு முன்னாலேயே வெள்ளைக்காரக் கலெக்டர்களுக்குப் பிடித்துவிட்டது. ஊட்டி ஏரியை 1820களில் வெட்டியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தாராம். சமவெளி வெயில் தாங்காமல் மலையேறியவர்களுக்கு மலை மட்டும் போதவில்லை, பார்த்துக்கொண்டு உட்காரத் தண்ணீரும் தேவைப்பட்டிருக்கிறது. நாங்கள் கேட்பதும் அதைத்தானே.

தண்ணீரில் இறங்குவதை முதலிலேயே கழித்துவிட்டோம். எட்டுப் பேரில் நீச்சல் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதுவும் கிணற்று நீச்சல், அதுவும் பதினைந்து கிலோ குறைவாக இருந்த காலத்தில். கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளில் எப்படியும் படகு சவாரிதான். ஆகவே ஏரி என்பது எங்களுக்குப் பார்க்க, சுற்றி நடக்க, அதைச் சாக்காக வைத்து ஒன்றும் செய்யாமல் உட்கார. இப்படி யோசித்ததும் கேள்வியே மாறிவிட்டது. எந்த ஏரி அழகு என்பது பின்னால் போய், சாயங்காலம் ஆறு மணிக்கு எட்டுப் பேரும் ஒரே இடத்தில் உட்கார எந்த ஊர் விடும் என்பது முன்னால் வந்து நின்றது. எல்லோரும் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். வந்த பிறகு ரோட்டில் நேரம் போகக் கூடாது. யாரும் அடுப்படியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. திண்ணையோ வராந்தாவோ பெரிதாக இருக்க வேண்டும். இதை வைத்துத்தான் மேலே எழுதுகிறேன்.

முதலில் கொடைக்கானல், ஏனென்றால் முதலில் எல்லோர் வாயிலும் வந்தது அதுதான். ஏரி என்று பார்த்தால் தமிழ்நாட்டு மலையூர்களில் எனக்கு இதை மிஞ்சி ஒன்று தெரியாது. நட்சத்திர வடிவம், 60 ஏக்கர் அளவு, சுற்றி வர கிட்டத்தட்ட 5 கி.மீ. சாலை. காலை ஆறரை மணிக்குப் பனி தண்ணீர் மேல் படுத்திருக்கும்போது அந்தச் சுற்றை ஒரு தடவை நடந்தவன் ஆயுளுக்கும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான், நான் பேசிக்கொண்டிருக்கிறேன். மே மாதத்திலும் இரவில் சால்வை வேண்டும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், சுட்ட சோளம் கிடைக்கும், பஜ்ஜி கிடைக்கும். குளிர் தேடிப் போகிறவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு வீடு தேட ஆரம்பிக்கலாம்.

எங்களுக்கு இடிப்பது அங்கே போய்ச் சேருவது. மதுரைக்காரனுக்கு 120 கி.மீ., கோவைக்காரனுக்கும் பெரிய தூரமில்லை, எனக்கும் பரவாயில்லை. சென்னைக்காரர்களுக்கு 500 கி.மீ.க்கு மேல். ரயிலில் வந்தால் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி இன்னும் 80 கி.மீ. மலையேற வேண்டும். பெங்களூருக்காரர்கள் காரில் ஏறி உட்கார்ந்தால் ஒரு பகல் முழுக்கக் காலி. அப்புறம் மே மாதச் சனிக்கிழமை. வெள்ளி அருவிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது என்றால் நின்றதுதான். இறங்கி மாங்காய் வாங்கித் தின்று, அருவியோடு படம் எடுத்து, திரும்ப வந்து ஏறினாலும் வண்டி நின்ற இடத்திலேயே இருக்கும். (அந்த அருவியே கொடை ஏரியின் உபரி நீர்தான். ஏரி உங்களை ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னாடியே வரவேற்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.)

நெரிசல் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. பாஸுக்குக் காசு கிடையாது, இணையத்தில் எடுத்துவிடலாம். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் நாங்கள் மூன்று வெவ்வேறு ஊரிலிருந்து மூன்று காரில் வருகிறவர்கள். ஒரு வண்டிக்கு நாம் கேட்ட தேதி கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காவிட்டால், அந்த வண்டிக்காரனைச் சமாதானப்படுத்துவது எட்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்ததைச் சமாதானப்படுத்துவது மாதிரி இழுக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஐந்து பேர் அங்கே ஒரு வீடு எடுத்தோம். விளம்பரத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஏரி, ஜன்னல் விளிம்பில் ஒரு காப்பிக் கோப்பை. போய்ப் பார்த்தால் ஏரி தெரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். குளியலறையின் வெண்டிலேட்டர் வழியாக, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றால். கோப்பை வைத்த ஜன்னல் எந்த வீட்டுடையது என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. மே மாதமாகையால் தண்ணீர் லாரியில் வந்தது, அதுவும் இரண்டாம் நாள் மதியம்தான் வந்தது. ஐந்து பேருக்கு ஒரு கீசர். இதை எழுதுவது கொடைக்கானலைக் குறை சொல்ல இல்லை. ‘ஏரி தெரியும்’ என்று யார் சொன்னாலும் வீட்டுக்காரரை வீடியோ காலில் கூப்பிட்டு, வராந்தாவில் நின்றுகொண்டு போனைத் திருப்பச் சொல்லுங்கள். திருப்பத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

கொடைக்குள்ளேயே இன்னொரு யோசனை வந்தது: ஊர் ஏரியை விட்டுவிட்டு பூம்பாறை தாண்டி மன்னவனூர்ப் பக்கம் தங்குவது. புல்வெளி, சின்ன ஏரி, ஆட்டுப் பண்ணை, கூட்டமும் அவ்வளவு இருக்காது. கோவைக்காரன் முதலில் இதைத்தான் ஆதரித்தான். அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொடை டவுனைத் தாண்டி மலைப்பாதையில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல், அதாவது அந்த நெரிசலை முழுக்க அனுபவித்துவிட்டுப் போக வேண்டும். பேரிஜம் ஏரி வேறு கதை. வனத்துறை அனுமதி வாங்கிப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பும் இடம், அதைத் தங்குவதோடு சேர்த்துப் பேசுவதில் பயனில்லை.

நீலகிரியில் எமரால்டு, அவலாஞ்சிப் பக்கம் ஏரியைப் பார்த்த மாதிரி நிறைய வீடுகள் வந்துவிட்டன. இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அவை ஏரிகள் இல்லை, குந்தா நீர்மின் திட்டத்துக்குக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கம். மழைக்காலம் முடிந்து போனால் கண் கொள்ளாது. மே மாதக் கடைசியில் தண்ணீர் உள்வாங்கி, கரை முழுக்கச் செம்மண் படிக்கட்டு மாதிரி வெடித்துத் தெரியும். அதைப் பார்க்கவா மூன்று இரவு? போன் சிக்னலும் அங்கங்கே காணாமல் போகும். சிலருக்கு அதுவே வரம். எங்களில் ஒருத்தனின் அப்பாவுக்குப் போன மாதம்தான் ஆஞ்சியோ நடந்தது. எந்த நேரமும் போன் எடுக்கும் இடமாக இருந்தால்தான் அவன் வருவான், அவன் வராவிட்டால் எதற்குப் போக வேண்டும். நீலகிரி முடிந்தது.

இப்போது கேரளத்தின் வேம்பநாடு. துபாய்க்காரன் முதல் நாளிலிருந்து பிடித்த பிடி இதுதான். அவன் வாதம் சுலபம்: மற்றதெல்லாம் ஏரி இருக்கும் ஊர், இது ஒன்றுதான் ஏரியிலேயே இருக்கும் வீடு. குமரகம், முகம்மா, ஆலப்புழைப் பக்கம் வீட்டுப் படி இறங்கினால் தண்ணீர், படியில் படகு கட்டியிருக்கும். இந்தியாவிலேயே நீளமான ஏரி, 90 கி.மீ.க்கு மேல்; எதிர்க்கரை சில இடங்களில் கோடு மாதிரித்தான் தெரியும். ஏரிக்கரை வீடு என்ற சொல்லுக்கு முழுசாகப் பொருந்துவது இதுதான் என்பதை நான் மறுக்கவில்லை.

சாப்பாட்டில் இதற்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அதனால் மே மாதம் நம்மூரில் நல்ல மீன் யானை விலை, குதிரை விலை. அங்கே ஏரிக் கரிமீன் வாழை இலையில் சுருட்டிப் பொள்ளித்து வரும், கூடவே கப்பை என்ற மரவள்ளிக்கிழங்கு, குடம்புளி போட்ட சிவந்த குழம்பு. கள்ளுக்கடைக்குச் சாப்பிட மட்டுமே போகிறவர்கள் உண்டு. (சாப்பிட மட்டும்தானா என்று கேட்டது யார் என்று சொல்ல மாட்டேன்.) முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு ஓடுகிறது. வேலைக்குப் போகிறவர்களோடு உட்கார்ந்து சொற்பக் காசில் ஏரியையே குறுக்கே கடந்துவிடலாம். ஆயிரக்கணக்கில் கொடுக்கும் சவாரியைவிட எனக்கு அதுதான் பிடித்தது. போவதும் கஷ்டமில்லை, சென்னையிலிருந்து ஆலப்புழைக்கு நேராக இரவு ரயில், துபாய்க்காரனுக்கு நேராகக் கொச்சி விமானம்.

சரி, அப்புறம் ஏன் தயக்கம்? ஒரே காரணம், மே. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும், அதற்கு முந்தைய மூன்று வாரம் அங்கே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும், ராத்திரி கொசு. இன்னொன்று ஆகாயத்தாமரை. கடலின் உப்புநீர் குட்டநாட்டு வயலுக்குள் ஏறாமலிருக்க தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது, டிசம்பர் வாக்கில் அதன் கதவுகளை மூடினால் கோடையில்தான் திறக்கிறார்கள். நெல்லுக்கு அது தேவை. ஆனால் மூடிய மாதங்களில் தெற்குப் பக்கத் தண்ணீர் தேங்கிப்போய் ஆகாயத்தாமரை மண்டிவிடும். கதவு திறந்து உப்பு ஏறி அது சாகும் நேரத்தில் நாம் போய் நிற்போம். படிக்கு முன்னால் தண்ணீருக்குப் பதில் பச்சைப் பாய் விரித்திருந்தால் அதிர்ச்சியாகாதீர்கள்.

படகு வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆணி அடிக்காமல் பலகையைக் கயிற்றால் கட்டிச் செய்வதால் கெட்டுவள்ளம், ஒரு காலத்தில் நெல் ஏற்றிப் போனது. பார்க்கப் பிரமாதம். ஆனால் மூன்று இரவு அதில் இருப்பதாகக் கற்பனை செய்யாதீர்கள். வழக்கமான கணக்கு மதியம் 12 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கரையில் கட்டிவிடுவார்கள், அதற்கு மேல் மீனவர்கள் வலை போடும் நேரம். பல படகுகளில் ஏசி இரவு ஒன்பது மணிக்குத்தான் போடுவார்கள். மே மாதத்தில் மதியம் இரண்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு போதும், மீதி இரண்டு இரவுக்குக் கரையில் வீடு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நான்கு அறைப் படகுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு எங்களிடம் ஓர் இரவுக்குக் கேட்டது 30,000 ரூபாய். பேரம் பேசினால் இறங்கும் என்று தோன்றியது.

கடைசியாக ஏற்காடு, எங்கள் குழுவில் ஒருவர்கூட முதலில் பெயர் சொல்லாத ஊர். ‘ஏழைகளின் ஊட்டி’ என்று பெயர் வைத்து அதை அவமானப்படுத்தியே பழகிவிட்டோம். உயரம் 1,500 மீட்டர் அளவு, கொடையைவிடக் குறைவு, ஆகவே மே மாதப் பகலில் வெயில் உண்டு. கொடைக்கானல் நினைப்பில் ஸ்வெட்டரை அள்ளிக்கொண்டு போனால் அது பையிலேயே இருக்கும். ஏரியும் சின்னது. ஒரு பக்கம் படகுத்துறை, ஒரு பக்கம் பூங்கா, கரை நெடுக மிளகாய் பஜ்ஜிக் கடை. கொடை ஏரியைச் சுற்றி நடந்தவனுக்கு இது ஊர்க்குளம் மாதிரித்தான் தோன்றும். கோடையில் கிளியூர் அருவியை நம்பி இறங்கினால் பாறையைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏற வேண்டும். குரங்குகள் ஜன்னலைத் திறந்து வைத்த வீட்டை மதிய உணவுக்கூடமாக்கிவிடும்.

ஆனால் வரைபடத்தை எடுத்து எட்டுப் பேரின் ஊரையும் புள்ளி வைத்துப் பார்த்தபோது, நடுவில் சேலம் உட்கார்ந்திருந்தது. பெங்களூரிலிருந்து 200 கி.மீ., கோவையிலிருந்து 160 சொச்சம், எனக்கு அதைவிடக் குறைவு, மதுரையிலிருந்து நான்கு மணி நேரம். சென்னைக்காரர்களுக்கு ஊர்ப் பெயரிலேயே ரயில் இருக்கிறது: இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும் முன் சேலத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவு, காலைக் காப்பிக்கு வீட்டில். நான் மேலே சொன்ன நீதிமன்ற உத்தரவும் நீலகிரிக்கும் கொடைக்கும்தான், ஏற்காட்டுக்கு இல்லை. எந்த ஊரிலிருந்து வருகிறவனும் ஒரு பகலை ரோட்டில் தொலைக்க வேண்டாம் என்பது மூன்று இரவுப் பயணத்தில் எவ்வளவு பெரிய லாபம் என்பது, நாற்பதை நெருங்கும்போது முதுகு வலியோடு சேர்ந்துதான் புரிகிறது.

நெரிசலுக்கும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஏற்காட்டுக் கூட்டத்தில் பெரும்பகுதி சேலம், நாமக்கல், ஈரோட்டிலிருந்து காலையில் வந்து இருட்டும் முன் இறங்குகிறவர்கள். ஞாயிறு மாலை ஊர் காலியாகிவிடும். ஆகவே ஞாயிறு சாயங்காலம் போய்ப் புதன் காலை இறங்குவது என்று வைத்துக்கொண்டால் அதே மே மாதத்தில் வேறு ஊர் கிடைக்கும். கோடை விழா நடக்கும் நாட்களையும் சேர்வராயன் கோயில் திருவிழா நாட்களையும் மட்டும் பார்த்து ஒதுக்கிக்கொள்ளுங்கள். திருவிழாவே பார்க்க வேண்டும் என்றால் அது வேறு. மதியம் மூன்று மணிக்கு மேல் கோடை மழை கொட்டி நின்றால் காப்பித் தோட்டத்திலிருந்து ஒரு வாசம் எழும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி சொட்டிக்கொண்டிருக்கும். காப்பியும் ஒரு கலெக்டர் வேலைதான்: 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. போகும் வழியில் சேலத்தில் மாம்பழக் கூடை ஒன்று ஏற்றிக்கொண்டால் அந்த மூன்று நாள் வேறு இனிப்பே வேண்டாம். மல்கோவாவுக்கு இதுதான் பருவம்.

இதற்கு நடுவில்தான் அசல் சண்டை வந்தது. நானும் கோவைக்காரனும் சமையல்கட்டு உள்ள வீடாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாமே சமைக்கலாம், விடுதியில் நள்ளிரவில் மேகி போட்ட மாதிரி இருக்கும், செலவும் மிச்சம் என்று. சென்னைத் தோழி ஒரே வரி எழுதினாள்: “வருஷத்துக்கு 362 நாள் நான் சமைக்கிறேன், மிச்சம் மூணு நாளும் சமைக்கறதுக்கு நான் எதுக்குடா மலை ஏறணும்?” நாங்கள் சமைக்கிறோம் என்றோம். “நீங்க சமைப்பீங்க, பாத்திரம் யாரு?” என்றாள் பெங்களூருத் தோழி. பதில் இல்லை. எட்டுப் பேர் கூடும் வீட்டில் ‘நாமே சமைக்கலாம்’ என்றால், ஒன்பது மணிக்கு வராந்தாவில் ஆறு பேரும் உள்ளே இரண்டு பேரும் என்றுதான் முடியும். அந்த இரண்டு பேர் யார் என்று ஊகிக்கத் தேவையில்லை. அதோடு, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் குடும்பமே சமைத்துக் கொடுக்கும் வீடுகளை மட்டும் பட்டியலில் வைத்தோம். இந்தச் சலுகை வேம்பநாட்டில் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் உண்டு, ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் நிறைய உண்டு, கொடையில் நாங்கள் விசாரித்த ஐந்தில் இரண்டில்தான் இருந்தது.

செலவில் பெரிய இடி எதுவும் இல்லை. நான்கு அறை வீட்டுக்கு ஓர் இரவுக்குக் கொடையில் 18,000, ஏற்காட்டில் வார நாளுக்கு 11,000 என்று எங்களிடம் சொன்னார்கள். எட்டாகப் பிரித்தால் வித்தியாசம் ஓர் இரவுக்கு ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அதற்காக ஊரை மாற்ற வேண்டியதில்லை. தேதியைத் தள்ள முடிகிறவர்கள் தாராளமாகப் பள்ளி திறந்த பிறகு, ஜூனில் கொடை போங்கள், வாடகையும் இறங்கும், கூட்டமும் இறங்கும். பெங்களூருத் தோழி கல்லூரியில் பாடம் எடுக்கிறாள், அவளுக்கு மே விட்டால் விடுப்பே இல்லை. துபாய்க்காரன் டிக்கெட்டும் மே மூன்றாம் வாரம். எங்களுக்கு அந்த வழி அடைபட்டது.

ஓட்டெடுப்பில் ஏற்காட்டுக்கு ஐந்து, வேம்பநாட்டுக்கு இரண்டு, கொடைக்கு ஒன்று. துபாய்க்காரனிடம் டிசம்பரில் குமரகம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அவன் நம்பவில்லை, நம்பாததும் நியாயம்தான். கொடைக்கு விழுந்த ஒற்றை ஓட்டு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், மதுரையிலிருந்து சேலம் வர அலுத்துக்கொண்டேதான் கிளம்புவான்.

எடுத்திருக்கும் வீடு ஏரிக்கு மேலே சரிவில் இருக்கிறது. வீடியோ காலில் வராந்தாவிலிருந்து போனைத் திருப்பச் சொன்னேன். இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. வாளி மேல் ஏறாமலே தெரிந்தது. முன்பணம் கட்டிவிட்டேன். கழிவறை மூன்றா நான்கா என்று கேட்டதற்கு மட்டும் அந்த ஆள் இன்னும் பதில் போடவில்லை.